தூண்டில் கோல் கட்டி விற்கலாமா?

கேள்வி: ஐயா, நான் ஒரு நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறேன். வயது 41. இரண்டு வருடமாக ஓய்வு நேரத்தில் தூண்டில் கோல் கட்டி வருகிறேன். பிளாங்க் என்னும் வெறும் தண்டு, தூண்டில் நரம்பு ஓடும் வளையம், பிடிக்குக் கார்க் எல்லாம் தனித்தனியாக வாங்கி, வீட்டு மேசையிலேயே வைத்து இதுவரை நான்கு கோல் முடித்திருக்கிறேன். கடைசி இரண்டில், வளையத்தைப் பிடிக்க நூல் சுற்றிய கட்டின் மேல் பூசிய எபாக்சிப் பிசின் பத்து நாளாகியும் விரலில் ஒட்டுகிறது. இதற்குள் நண்பர்கள் மூன்று பேர், ‘காசு தருகிறோம், எங்களுக்கும் கட்டிக்கொடு’ என்கிறார்கள். இதையே தொழிலாக்கலாமா என்று எனக்கு ஆசை வந்துவிட்டது. லேத் வாங்க வேண்டுமா? கோலின் ‘ஸ்பைன்’ பார்த்துத்தான் வளையம் வைக்க வேண்டும் என்கிறார் ஒருவர், தேவையே இல்லை என்கிறார் இன்னொருவர். எது சரி? விலை எப்படிப் போடுவது? வேலையை விட்டுவிடலாமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: வேலையை இப்போது விடாதீர்கள். லேத்தும் இப்போது வேண்டாம். இரண்டுக்கும் காரணம் பிறகு சொல்கிறேன். அவசரம் அந்தப் பிசுபிசுப்புக்குத்தான். அது தீராமல் அடுத்த கோலைத் தொட வேண்டாம்.

இரண்டு கோலிலும் ஒரே குறை வந்திருப்பதால், தவறு பெரும்பாலும் நீங்கள் அளந்த விதத்திலோ கலக்கிய விதத்திலோ இருக்கும். கோல் பூச்சுக்கு வரும் எபாக்சியில் பெரும்பாலானவற்றுக்கு ரெசினும் ஹார்டனரும் கன அளவில் சரிசமமாகச் சேர வேண்டும். தராசில் நிறுத்துச் சமம் பார்த்தால் தவறிவிடும், இரண்டுக்கும் அடர்த்தி வேறு. ஹார்டனரைக் கொஞ்சம் கூட ஊற்றினால் சீக்கிரம் காயும் என்று பலர் நினைக்கிறார்கள். எபாக்சி தண்ணீர் ஆவியாவதுபோல் காய்வதில்லை. ரெசினும் ஹார்டனரும் ஒன்றோடொன்று பிணைந்து இறுகுகின்றன. எது மிஞ்சினாலும் பிணைய இணை கிடைக்காமல் பிசினாகவே தங்கிவிடும். உங்கள் விரலில் ஒட்டுவது அந்த மிச்சம்தான்.

ஊசியில்லாத சிரிஞ்ச் இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றுக்குச் சிவப்பு டேப் ஒட்டி ஹார்டனருக்கு என்று ஒதுக்கிவிடுங்கள், எக்காரணம் கொண்டும் மாற்றக் கூடாது. உறிஞ்சும்போது உள்ளே காற்றுக்குமிழி நின்றால் அந்த அளவு பொய். உங்களுக்கு 1 மில்லிதான் தேவை என்றாலும் ஒவ்வொன்றிலும் 3 மில்லிக்குக் குறையாமல் எடுங்கள். ஒரு சொட்டு என்பது ஏறக்குறைய 0.05 மில்லி. 1 மில்லியில் அந்த ஒரு சொட்டே 5 சதவீதம். 3 மில்லியில் அது இரண்டு சதவீதத்துக்கும் கீழே போய்விடுகிறது. மிஞ்சுவது வீணாகட்டும், ஒரு கோல் வீணாவதை விட அது மலிவு. ரப்பர் முனையில் சிலிக்கோன் தடவிய சிரிஞ்ச் வேண்டாம். அந்த எண்ணெய் துளி கலந்தாலும் பூச்சு விலகி விலகி நின்று, மீன்கண் போலக் குழி விழும்.

பிறகு கலக்கல். அரை நிமிடம் கிண்டிவிட்டு எடுத்துப் பூசியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன், ஆரம்பத்தில் எல்லோரும் செய்வதுதான். கடிகாரம் பார்த்து மூன்று, நான்கு நிமிடம், அவசரமில்லாமல், பாத்திரத்தின் ஓரத்தையும் அடியையும் குச்சியின் பக்கங்களையும் வழித்து வழித்துக் கலக்க வேண்டும். கலவை முதலில் மேகம் ஓடுவதுபோல் மங்கும். பிறகு தெளியும். தெளிந்த பிறகும் ஒரு நிமிடம் கலக்குங்கள். குளிரான அறை என்றால் இரண்டு புட்டிகளையும் வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் நிறுத்தி வைத்து, துடைத்துவிட்டு அளங்கள். கலந்ததை உடனே ஓர் அலுமினியத் தாளில் பரப்பி ஊற்றிவிட்டால் குமிழிகள் தாமாக ஏறி உடையும். குவிந்து கிடக்காததால் சூடேறி விரைவில் கெட்டிப்படவும் செய்யாது. கட்டின் மேல் குமிழி தெரிந்தால் ஸ்பிரிட் விளக்கின் சுடரை ஒரு கணம் கீழே காட்டி எடுத்துவிடுங்கள். பிடித்துக்கொண்டு நிற்கக் கூடாது.

ஏற்கெனவே ஒட்டும் இரண்டையும் காப்பாற்ற வழி உண்டு. நகத்தால் அழுத்திப் பாருங்கள். தடம் விழாமல் மேலே மட்டும் ஒட்டுகிறது என்றால், சரியாக அளந்து கலந்த இன்னொரு மெல்லிய பூச்சை அதன் மேலேயே கொடுங்கள், அடியிலுள்ளது மூடிக்கொள்ளும். நகம் உள்ளே இறங்குகிறது என்றால் பிளேடால் பிளாங்கைத் தொடாமல் வளையத்தின் கால் (பிளாங்கில் படியும் தட்டைப் பகுதி) மேலாகக் கீறி, நூலோடு உரித்து, மறுபடி கட்டுவதைத் தவிர வேறு வழியில்லை.

கையுறை இல்லாமல் எபாக்சியைத் தொடாதீர்கள். இதைக் கெஞ்சிக் கேட்கிறேன். முதலில் ஒன்றும் ஆகாததுபோல் இருக்கலாம். என்றோ ஒருநாள் தோல் ஒவ்வாமை தொடங்கலாம். தொடங்கினால் பொதுவாக அது போவதில்லை, பிறகு புட்டியைத் திறந்தாலே கை தடிக்கும். தொழில் செய்ய நினைப்பவருக்குக் கைதானே முதல். கார்பன் கோலை அறுக்கும்போதும் தேய்க்கும்போதும் தூசிக்கான முகக்கவசம் அணியுங்கள்.

ஸ்பைன் விஷயத்தை நீளமாகப் பேச வேண்டியதில்லை. ரெசினில் தோய்ந்த கார்பன் தாளை, ஒரு முனை பருத்து மறுமுனை மெலிந்த எஃகுக் கம்பியின் மேல் சுருட்டி, நாடாவால் இறுக்கி, சூளையில் வேகவைத்து, கம்பியை உருவினால் கிடைப்பது பிளாங்க். சுருட்டிய தாளின் ஓரம் மேற்படியும் பக்கம் சற்று விறைப்பாக இருக்கும். அதைத்தான் ஸ்பைன் என்கிறார்கள். அதைப் பார்த்து வளையம் வைக்காவிட்டால் மீன் இழுக்கும்போது கோல் முறுக்கிக்கொள்ளும் என்று ரொம்ப நாள் சொல்லிவந்தார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். முறுக்குவது ஸ்பைன் அல்ல, வளையம் கோலுக்கு மேலே இருப்பதுதான். வளையம் மேலே வரும்படி கட்டிய எந்தக் கோலையும் தளர்வாகப் பிடித்துக்கொண்டு நரம்பை இழுக்கச் சொல்லுங்கள், கைக்குள்ளேயே திரும்பப் பார்க்கும். நரம்பு எப்போதும் கீழ்ப்பக்கம் போகத்தான் விரும்பும். கோலுக்குக் கீழே மாட்டும் ஸ்பின்னிங் ரீலுக்குக் கட்டும்போது வளையம் கீழேதான் தொங்குகிறது, அதனால் இந்தத் தொல்லையே இல்லை. மேலே ரீல் வைக்கும் கோல் என்றால், முதல் வளையத்தை மேலே வைத்து, அடுத்த இரண்டு மூன்றைப் பக்கவாட்டில் சுற்றி இறக்கி, மீதியைக் கீழே கொண்டுவரும் சுழல் கட்டு இருக்கிறது, அது தீர்த்துவைக்கும். மற்றபடி பிளாங்கை உருட்டிப் பார்த்து, எந்தப் பக்கம் கண்ணுக்கு நேராக நிற்கிறதோ அந்தக் கோட்டில் கட்டுங்கள்.

இனி, நீங்கள் கேட்காத கேள்வி. உங்களிடம் கோல் வாங்குபவர் எதற்காகக் காசு கொடுக்கிறார்?

என்னிடம் முதன்முதலாகக் காசு கொடுத்துக் கட்டச் சொன்னவர் படகில் நின்று வீசுபவர். மூன்று வண்ண நூலில், வைர வடிவில் குறுக்குக் கட்டு போட்டு, பிடிக்கு நல்ல கார்க்காகத் தேர்ந்தெடுத்து, இரண்டு வாரம் உழைத்துக் கொடுத்தேன். கையில் வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். பத்து நாளில் திரும்பி வந்தார். ஒன்றும் பேசாமல் சட்டையை விலக்கி விலாவைக் காட்டினார். ஒவ்வொரு வீச்சிலும் கோலின் அடிக்கட்டை இடித்து, அந்த இடம் கன்றிப்போயிருந்தது. ரீலை மாட்டும் இடமான ரீல் சீட்டிலிருந்து அடிவரை எவ்வளவு நீளம் என்று நான் அவர் கையை அளந்து முடிவு செய்யவில்லை, ஒரு படத்தைப் பார்த்து முடிவு செய்திருந்தேன். பிடியை அறுத்து எடுத்து முழுவதும் புதிதாகச் செய்து கொடுத்தேன். காசு வாங்கவில்லை, வாங்க முகமில்லை.

அதற்குப் பிறகு என் மேசைக்குப் பக்கத்தில் ஒரு துடைப்பக்கட்டை நிற்கிறது. ஒரு பழைய ரீல் சீட்டை அதில் நகரும்படி மாட்டியிருக்கிறேன். வருகிறவரிடம் அவருடைய ரீலையே கொண்டுவரச் சொல்லி, அதில் பொருத்தி, நிற்கிறபடி நின்று இருபது தடவை வீசுவதுபோல் செய்யச் சொல்வேன். முதல் ஐந்து தடவை எனக்காகச் செய்வார்கள். பத்துக்கு மேல் தங்கள் பழக்கத்துக்கு வந்துவிடுவார்கள். அப்போது முழங்கை எங்கே வருகிறது, இரண்டாவது கை எங்கே பிடிக்கிறது, சுண்டுவிரல் ரீலின் காலுக்கு முன்னா பின்னா என்று பார்த்துப் பென்சிலால் கோடு போடுவேன். கரையிலா, பாறையிலா, படகிலா? எந்த எடையில் இரை? எந்தத் தடிமனில் நரம்பு? பிடித்த மீனைத் தூக்க யாராவது கூட வருவார்களா? இதெல்லாம் முடிந்த பிறகுதான் நூல் என்ன நிறம் என்ற பேச்சு. தொழிற்சாலையால் செய்ய முடியாதது இந்த ஒரு மணி நேரம்தான். உங்களிடம் வாங்குபவர் காசு கொடுப்பது அதற்கு.

அடுத்தது வளையத்தின் இடம். அட்டவணையைப் பார்த்து அங்குலக் கணக்கில் வைப்பது தொடக்கத்துக்குச் சரி, முடிவு அது இல்லை. வளையங்களை மெல்லிய ரப்பர் துண்டுகளால் தற்காலிகமாக மாட்டி, பிடியை ஓரிடத்தில் இறுக்கி, நரம்பைக் கோத்து, நுனியில் எடை கட்டி வளையுங்கள். பக்கத்தில் நின்று பாருங்கள். வளையத்துக்கு வளையம் நரம்பு கோலின் வளைவை ஒட்டி வர வேண்டும். எங்காவது நேர்க்கோடாகக் குறுக்கே வெட்டிப் போனால் அங்கே இடைவெளி அதிகம், பக்கத்து வளையத்தை நகர்த்துங்கள். நுனிப்பக்கம் வளைவு கூர்மை என்பதால் வளையங்கள் நெருங்கி வரும். ஸ்பின்னிங் ரீலிலிருந்து நரம்பு சுருள் சுருளாக வருவதால் முதல் வளையம் பெரிதாகவும் உயரமாகவும் இருந்து, அடுத்தடுத்தவை அந்தச் சுருளை அடக்க வேண்டும். 25, 16, 10 என்று வளையங்களில் வரும் எண்கள் பீங்கான் வளையத்தின் வெளிவிட்டம், மில்லிமீட்டரில். நுனிக்கு எவ்வளவு சிறியது போதுமோ அவ்வளவு சிறியது, எவ்வளவு மெல்லிய பூச்சு போதுமோ அவ்வளவு மெல்லியது. அடியில் பத்து கிராம் கூடினால் கை அறியாது. நுனியில் ஒரு கிராம் கூடினாலே கோல் மந்தமாகிவிடும்.

நூல் சுற்றுமுன் வளையத்தின் காலை அரத்தால் ராவி, நுனியைக் கத்தி முனைபோல் சரித்துவிடுங்கள். அப்போதுதான் நூல் பிளாங்கிலிருந்து காலின் மேல் இடைவெளி விடாமல் ஏறும். காலின் அடிப்பக்கத்தைக் கட்டாயம் மழுங்கத் தேய்க்க வேண்டும். பிசிறு விட்டுவிட்டு இறுக்கிக் கட்டினால் அது கார்பன் இழையை வெட்டிக்கொண்டே இருக்கும். ஒரு நாள் பெரிய மீனில் கோல் சரியாக அந்த இடத்தில் ஒடியும். ‘பிளாங்க் சரியில்லை’ என்று பழி வேறு இடத்தில் போய் விழும். கட்டிய பிறகு கட்டை விரலால் தள்ளினால் வளையம் ஒரு மயிரிழை நகர வேண்டும், அந்த இறுக்கம் போதும். நேர்பார்த்து ஒழுங்குபடுத்த அந்த இடம் தேவைப்படும். நைலான் நூல் எபாக்சி பட்டதும் கண்ணாடிபோல் ஊடுருவித் தெரிந்து, நிறம் ஒரு படி இருண்டுவிடும். நண்பர் நீலம் கேட்டால், முதலில் ஒரு துண்டுக் கோலில் சுற்றிப் பூசிக் காட்டிவிட்டுக் கட்டுங்கள்.

இந்தக் கட்டு எனக்கு ரொம்பப் பிடித்த வேலை. 19ஆம் நூற்றாண்டில் மூங்கிலை ஆறு பட்டையாகச் சீவி ஒட்டிக் கோல் செய்தார்கள். முதலில் கல்கத்தா மூங்கில், பிறகு தென்சீனத்து டோன்கின் மூங்கில். 1947இல் ஷேக்ஸ்பியர் நிறுவனத்தின் கண்ணாடியிழைக் கோல் வந்தது. 1973இல் ஃபென்விக் நிறுவனம் கார்பன் கோலைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. கோலின் பொருள் இத்தனை தடவை மாறியும், வளையத்தின் காலை நூலால் சுற்றிப் பிடித்துவைப்பது மாறவில்லை.

லேத் வேண்டாம் என்றேன். கார்க் பிடி வடிவமைத்தே கிடைக்கிறது. நீங்களே செய்ய விரும்பினால் கார்க் வில்லைகளைக் கம்பியில் கோத்து ஒட்டி, கை டிரில்லில் மாட்டி உப்புத்தாளால் தேய்த்தாலே வரும். துளையைப் பெரிதாக்க, ஒடிந்த கோலின் துண்டில் உப்புத்தாளைச் சுருளாக ஒட்டிக்கொள்ளுங்கள், அந்தச் சரிவு அப்படியே பொருந்தும். நூலுக்கு இறுக்கம் கொடுக்க, கனமான புத்தகத்தின் பக்கங்களுக்கு நடுவே நூலைவிட்டு இழுத்தால் போதும், நான் ஆறு வருடம் அப்படித்தான் கட்டினேன். கையில் காசிருந்தால், பூச்சு காயும்வரை கோலைச் சுற்றிக்கொண்டிருக்கும் மெதுவான மோட்டாரும் நல்ல விளக்கும் வாங்குங்கள். ஆனால் ரீல் சீட்டை ஒட்டுவதற்கு ஐந்து நிமிடத்தில் இறுகும் பசையைப் பயன்படுத்தவே வேண்டாம். நீரில் தொடர்ந்து நனையும் இடத்துக்கு அது ஆகாது. இருபத்துநான்கு மணி நேரம் எடுக்கும் கெட்டி எபாக்சி போடுங்கள். மாஸ்கிங் டேப் சுற்றி இடைவெளியை அடைக்கிறீர்கள் என்றால் டேப்பின் ஓரம் முழுவதும் பசைக்குள் மூழ்கியிருக்க வேண்டும். ஓரம் வெளியே தெரிந்தால் தண்ணீர் அதன் வழியே ஏறும்.

தொழில் என்று தொடங்கினால் புதுக் கோலில் தொடங்காதீர்கள், பழுது பார்ப்பதில் தொடங்குங்கள். நுனி வளையம் போனவை, கட்டு அவிழ்ந்தவை, பிடி பிய்ந்தவை என்று மீன்பிடிக்கிற ஒவ்வொருவர் வீட்டிலும் ஒன்று கிடக்கும். பஞ்சு சுற்றிய காதுக்குச்சியை ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் சுழற்றுங்கள். பஞ்சு இழை மாட்டிக்கொண்டால் அங்கே விரிசல் இருக்கிறது, அதுதான் அவர் நரம்பை அறுத்துக்கொண்டிருந்தது. நுனி வளையத்தின் குழாய் அளவை அங்குலத்தில் 64இல் ஒரு பங்கு என்ற கணக்கில் சொல்வார்கள். சரியான அளவை வாங்கி, உருக்கி ஒட்டும் பசையால் ஒட்டுங்கள், அடுத்த தடவை லேசாகச் சூடு காட்டினால் கழன்று வரும். முப்பது பழுது பார்த்தால் கோல் எங்கே, ஏன் போகிறது என்பது உங்கள் கைக்குத் தெரிந்துவிடும். பழுதுக்கு வந்தவர்தான் பிறகு புதுக் கோலுக்கும் வருவார்.

விலைக்கு வருவோம். கணக்கு எழுதுபவருக்கு நான் கணக்கு சொல்வதற்கு மன்னிக்கவும், தங்கள் நேரத்தை எழுதாமல் விடுபவர்கள்தான் இந்த வேலையில் அதிகம். வாடிக்கையாளரோடு ஒரு மணி. பிடியும் ரீல் சீட்டும் மூன்று மணி. வளையக் கால் ராவுவதும் வளைத்துப் பார்ப்பதும் இரண்டு மணி. கட்டு மூன்று மணி. இரண்டு பூச்சும் சுத்தம் செய்வதுமாக இரண்டு மணி. அலங்காரமில்லாத ஒரு கோலுக்கே பதினொரு மணி நேரம். பொருள் விலை, வீணாகும் எபாக்சியும் நூலும், இந்த மணிகளுக்கு நீங்கள் நியாயம் என்று நினைக்கும் கூலி, பிறகு திரும்பி வரும் கோல்களுக்காக ஒரு சிறு பங்கு. இவற்றின் கூட்டல்தான் உங்கள் விலை. கடையில் தொங்கும் கோலின் விலையைப் பார்த்துக் குறைக்காதீர்கள். விலையில் மட்டும் போட்டியிட்டால் தொழிற்சாலைதான் ஜெயிக்கும். பொருள் விலை முழுவதையும் முன்பணமாக வாங்குங்கள், ஒருவர் கைக்கு அறுத்த பிளாங்க் இன்னொருவருக்கு ஆகாது. பிளாங்க் தயாரிப்பாளர் உத்தரவாதம் கொடுத்தாலும் அது பிளாங்கோடு நின்றுவிடும். புது பிளாங்கில் மறுபடி கட்டும் பதினொரு மணி நேரம் யார் கணக்கில் என்பதை முன்பே எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அதே தாளில் இன்னொரு வரி: கார்பன் மின்சாரம் கடத்தும், மின்கம்பிக்கு அருகிலும் இடி மின்னலிலும் இந்தக் கோலை உயர்த்தக் கூடாது. இதை வாயாலும் சொல்லி அனுப்புங்கள்.

முழுநேரமாகச் செய்தால், மாதம் 200 மணி நேரத்தில் பாதிக்கு அருகில் பேசுவதிலும் பொருள் தேடுவதிலும் பொட்டலம் கட்டுவதிலும் போய்விடும். மீதியில் பத்துக் கோல் வரலாம். மாதா மாதம் பத்துப் பேர் வருவார்களா? பத்துக் கோலின் கூலி உங்கள் சம்பளத்தைத் தொடுமா? இரண்டு வருடத்தில் நான்கு கோல் கட்டியிருக்கிறீர்கள். வாரத்துக்கு நான்கு மாலை, இரண்டிரண்டு மணி நேரம் ஒதுக்கினால் மாதம் மூன்று கோல் முடியும். அப்படி ஒரு வருடம் ஓடிய பிறகு இதே கேள்வியை எனக்கு மறுபடி எழுதுங்கள், நானே ஆசையோடு பதில் சொல்வேன்.

நண்பர்கள் மூவரில் யார் அதிகம் நீரோரம் நிற்பவரோ அவருக்கு முதலில் கட்டுங்கள். பொருள் விலை மட்டும் வாங்குங்கள். கூலிக்குப் பதிலாக, மூன்று மாதம் நன்றாகப் புழங்கிவிட்டு ஒரு வாரம் கோலை உங்களிடம் கொடுத்துவைக்க வேண்டும் என்று பேசிக்கொள்ளுங்கள். கட்டும்போதே ஓர் அட்டையில் பிளாங்கின் எண், நுனியிலிருந்து ஒவ்வொரு வளையத்தின் தூரம், நூலின் நிற எண், எபாக்சி கலந்த தேதி எல்லாம் எழுதி வையுங்கள். கோல் திரும்பி வந்ததும் முதலில் பிடியை ஒரு கையிலும் ரீல் சீட்டை மறு கையிலும் பிடித்து எதிரெதிராகத் திருகிப் பாருங்கள். பிறகு வெளிச்சத்தில் காட்டி, ஒவ்வொரு கட்டிலும் வளையத்தின் கால் முடியும் இடத்தில் பூச்சு மயிரிழையாகப் பிளந்திருக்கிறதா என்று பாருங்கள். கார்க்கில் அவருடைய விரல் அழுக்கு எங்கே படிந்திருக்கிறது என்பதையும் அளந்து அட்டையில் குறித்துக்கொண்டு, இரண்டாவது நண்பரைத் துடைப்பக்கட்டையோடு நிற்கச் சொல்லுங்கள்.